எஸ்பிரஸோ மெஷின் மக்கர் பண்ணுதா? மெக்கானிக்கை அழைக்கும் முன் இதையெல்லாம் பாருங்க!

ஃபில்டர் காபி மணக்கும் வீடுகளிலும் இப்போது எஸ்பிரஸோ மெஷின் இடம்பிடித்துவிட்டது. ஆனால், ஆசையாக வாங்கிய மெஷின் சில மாதங்களிலேயே `காபி சரியா இறங்கலை', `பால் நுரைக்கலை' என்று படுத்த ஆரம்பிக்கும். உடனே மூட்டை கட்டிப் பரணில் ஏற்றிவிடாதீர்கள். பெரும்பாலான தொல்லைகளுக்குக் காரணம் தண்ணீர், காபித்தூள், சுத்தம் ஆகிய மூன்றுதான்.

காபி சொட்டுச் சொட்டாக வருகிறதா?

முதலில் தூள் போடாமல் மெஷினை ஓட்டிப் பாருங்கள். தண்ணீர் தாராளமாக வந்தால் மெஷினில் கோளாறு இல்லை, தூளில்தான் பிரச்னை. எஸ்பிரஸோவில், 90 முதல் 96 டிகிரி செல்சியஸ் வரை சூடான தண்ணீர் சுமார் 9 பார் அழுத்தத்தில் தூளுக்குள் பாய்கிறது. தூள் மாவு போல இருந்தால் தண்ணீர் இறங்காது. ரவை போல இருந்தால் சர்ரென்று ஓடி, காபி நீர்த்துப்போய்ப் புளிக்கும். 18 கிராம் தூளுக்கு, 25 முதல் 30 விநாடிகளில் 36 கிராம் காபி இறங்கினால் அரைத்த பதம் சரி. ஃபில்டருக்கு வாங்கிய சிக்கரி கலந்த தூளை இதில் போட வேண்டாம். சிக்கரி ஈரம்பட்டதும் பிசுபிசுத்து வழியை அடைக்கும்.

தூள் இல்லாமலும் தண்ணீர் வரவில்லையா?

டேங்க் காலியான நிலையில் ஓடியிருந்தால் பம்ப்புக்குள் காற்று அடைத்திருக்கலாம். டேங்கை நிரப்பி, ஸ்டீம் குழாயைத் திறந்து, தண்ணீர் சீராக வரும்வரை பம்ப்பை விட்டு விட்டு ஓட்டுங்கள்.

அப்படியும் சரியாகவில்லை என்றால் உப்பு படிந்திருக்க வாய்ப்பு அதிகம். கீசர் காயிலில் படிகிற அதே வெள்ளை உப்புதான். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரப்படி, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மை இருக்கலாம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு. குடிப்பதற்கு இது சரி. ஆனால், மெஷினில் இந்த அளவுக்கே உப்பு படியும்.

போர்வெல் தண்ணீரை நேரடியாக ஊற்றாதீர்கள். அதற்காக உப்பே இல்லாத டிஸ்டில்டு வாட்டரும் வேண்டாம். சில மெஷின்களின் சென்சார் அதை உணராது, காபியும் சப்பென்று இருக்கும். உப்பு நீக்க, மெஷினோடு வந்த கையேடு சொல்லும் திரவத்தையே பயன்படுத்துங்கள். வினிகர் ஊற்றினால் வாடை போகாது, ரப்பர் பாகங்களும் பாழாகலாம். பிறகு 2 டேங்க் நல்ல தண்ணீர் ஓட்டி அலசுங்கள்.

பால் நுரைக்கவில்லையா?

ஸ்டீம் குழாயின் துளையில் பால் காய்ந்திருக்கும். மெஷினை அணைத்து, ஆறியதும் குழாயின் நுனியை வெந்நீரில் ஊறவைத்து, ஊசியால் துளையைக் குத்தி எடுங்கள். இனி, பால் நுரைத்த கையோடு ஈரத்துணியால் துடைத்து, 2 விநாடி ஸ்டீமைத் திறந்து விடுங்கள்.

ஓரத்தில் கசிகிறதா?

கைப்பிடி மாட்டும் இடத்தில் குக்கர் கேஸ்கெட் போலவே ஒரு ரப்பர் வளையம் உண்டு. ஒட்டியிருக்கும் தூளை பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். வளையம் கல் போல இறுகியிருந்தால் புதிது மாற்றுங்கள். காபியில் காறல் வாடை அடித்தால், வடிகட்டியில் பழைய காபி எண்ணெய் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். அதைத் தினமும் கழுவுங்கள்.

இதில் மட்டும் ரிஸ்க் வேண்டாம்!

காபி இறங்கும்போது கைப்பிடியைக் கழற்றாதீர்கள். கொதிநீரும் தூளும் முகத்தில் தெறிக்கும். பம்ப் இல்லாத ஸ்டீம் மெஷின் என்றால், குக்கரைப் போலவே ஆவி முழுவதும் அடங்கிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். ஷாக் அடித்தாலோ, கருகல் வாடை வந்தாலோ, போட்டதும் வீட்டில் டிரிப் ஆனாலோ, அடியில் தண்ணீர் ஒழுகினாலோ மெஷினைத் தொடாமல் மெயினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள்.

உப்பு நீக்கிய தேதியை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். கடினமான தண்ணீர் உள்ள வீடுகளில் 2, 3 மாதங்களுக்கு ஒருமுறை இந்த வேலை இருக்கும்.