ரோமானியச் செருப்பா, சினிமாச் செருப்பா?

ரோமானியர் காலணி என்றதும் முழங்கால் வரை வார் சுற்றிய செருப்புதான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. சினிமா செய்த வேலை! படைவீரர்கள் போட்ட 'காலிகா' கணுக்காலுக்குச் சற்று மேலேயே முடிந்துவிடும். ஆனால் படத்தைப் பார்த்துத் தைத்ததைத்தான் 'அசல் ரோமானியக் காலணி' என்று விற்கிறார்கள்.

அசல் மண்ணுக்குள் இருக்கிறது அய்யா. வடக்கு இங்கிலாந்தில், ஹாட்ரியன் சுவருக்குப் பக்கத்தில் விண்டோலாண்டா என்றொரு ரோமானியக் கோட்டை. காற்றுப் புகாத ஈரமண்ணில் அங்கே கிடைத்த தோல் காலணிகள் மட்டும் சுமார் 5,000. நூல் பெரும்பாலும் மக்கிவிட்டது, ஊசித் துளைகள் மிச்சம். அந்தத் துளைகளையும், அடித்தோலில் இரும்பாணி இறங்கிய தடத்தையும் பார்த்து, மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலில் தைத்தால் அது மறுஉருவாக்கம். மற்றதெல்லாம் நாடக வேஷம்.

"செருப்புக்குப் போய் இவ்வளவு சண்டையா?" என்று கேட்கலாம். விஷயம் இருக்கிறது. அந்தக் காலத்தில் பணியில் இருக்கும் சாதாரண ரோமானியப் படைவீரன் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ள முடியாது. அதனால் கோட்டைக்குள் ஆண்கள் மட்டும்தான் இருந்தார்கள் என்று நெடுநாள் நம்பினார்கள். விண்டோலாண்டாவிலோ வீரர்கள் தங்கிய கட்டிடங்களிலேயே பெண்கள், குழந்தைகளின் காலணிகள் கிடைத்தன! சட்டம் மறைத்ததைச் செருப்பு காட்டிக்கொடுத்தது.

இத்தனைக்குப் பிறகும் வீரனின் செருப்பை மட்டுமே திரும்பத் திரும்பத் தைப்பது என்ன நியாயம்? ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்கிறவர்கள் அடுத்த ஜோடியைக் குழந்தை அளவில் தைக்கட்டும்.