இஸ்பஹான் ஓடுகளும் பத்துப் புள்ளிகளும்



"நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பை முஸ்லிம்கள் 500 வருடங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள்" என்றொரு பதிவு வாட்ஸ்அப் குழுமங்களில் சுற்றுகிறது. உயர்தர மாணவர்களும் பகிர்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை.

ஈரானின் இஸ்பஹானிலுள்ள தர்பே இமாம் ஸியாரத்தின் சுவரில் 1453ஆம் ஆண்டைச் சேர்ந்த ஓட்டு வேலைப்பாடு உண்டு. அதில் ஒழுங்கு இருக்கிறது. ஆனால் ஒரே துண்டு சீராகத் திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கல்ல அது. 2007இல் பீட்டர் லூ, போல் ஸ்டைன்ஹார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் இதை எடுத்துக்காட்டினார்கள். இதுவரை சரி.

பரிசு கிடைத்தது வேறொன்றுக்கு. 1982 ஏப்ரல் 8 அன்று, அமெரிக்க ஆய்வுகூடமொன்றில் டான் ஷெக்ட்மன், வேகமாகக் குளிரவைத்த அலுமினிய, மங்கனீசுக் கலப்புலோகத்தினூடாக இலத்திரன் கற்றையைச் செலுத்தினார். இலத்திரனும் அலைபோல் நடக்கும். அதன் அலைநீளம் அணுக்களுக்கிடையிலான தூரத்தை விடச் சிறியது. அதனால் ஒளிக்கு எட்டாத அணுவரிசை அதற்கு எட்டும். கோணலுற்று வரும் இலத்திரன்கள் புள்ளிகளாக விழும். அவற்றிலிருந்து அணுக்களின் அடுக்கைக் கணிக்கலாம்.

அன்று மையத்தைச் சுற்றிப் பத்துப் புள்ளிகள் விழுந்தன. பளிங்கில் அது நடக்காது என்றுதான் எல்லாப் பாடப்புத்தகங்களும் சொல்லின. ஒழுங்கான ஐங்கோண டைல்ஸால் மட்டும் தரையை நிரப்ப முடியாது என்பது போன்ற விதி அது. மூலை 108 பாகை. மூன்று வைத்தால் 324. 36 பாகை வெளி மிஞ்சும்.

ஷெக்ட்மனை ஆய்வுக் குழுவிலிருந்து விலகச் சொன்னார்கள். இரு நோபல் பரிசு பெற்ற லைனஸ் போலிங்கும் ஏற்கவில்லை. 1984இல் கட்டுரை வெளிவந்தது. 2011இல் பரிசு.

இஸ்பஹான் கைவினைஞர்கள் கண்டது வடிவம். உலோகத்துக்குள் அணுக்களும் அப்படி நிற்கும் என்று காட்டியது இலத்திரன் கற்றை. இரண்டும் பெரிய காரியங்கள்தான். ஒன்றை உயர்த்த மற்றதை மறைக்கத் தேவையில்லை.

அந்தப் பதிவில் ஷெக்ட்மனின் பெயரே இல்லை. அவர் இஸ்ரேலியர் என்பதுதான் காரணமென்றால், அது நீதியல்ல. பலஸ்தீனத்துக்காக நமக்குள்ள வேதனை வேறு. ஒரு மனிதனின் உழைப்பை மறைப்பது வேறு. கோபத்திலும் நீதி தவறாதே என்று சொல்லும் மார்க்கம் நமது.

அந்தக் கைவினைஞர்களை நினைத்துப் பெருமைப்படுவோம். ஆனால் அவர்கள் கையில் கவராயம் இருந்தது. நம் கையில் 'ஷெயார்' பட்டன்தான் இருக்கிறது. கணிதம் கஷ்டமென்று பிள்ளையைத் தடுத்துவிட்டு முன்னோரின் கணிதத்தைப் பகிர்வதில் என்ன பயன்?

அடுத்த முறை அந்தப் பதிவு வந்தால், பகிர முன் பிள்ளையிடம் கடதாசியும் கத்தரிக்கோலும் கொடுங்கள். ஐங்கோணங்களை வெட்டி அடுக்கட்டும். வெளி ஏன் மிஞ்சுகிறது என்று அதுவே கேட்கும்.