ஒரே சட்டமாம்!

குற்றங்களையெல்லாம் ஒரே சட்டத்துக்குள் அடக்கிவிட்டோம் என்று நிபுணர்கள் மார்தட்டும்போது எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. நான் வக்கீல் அல்ல, கதை எழுதுகிறவன். ஆனால் தண்டனை அனுபவிக்கிறவர்களும் வக்கீல்கள் அல்லவே!

புகழ வேண்டியதை முதலில் புகழ்ந்துவிடுகிறேன். கும்பினி ஆட்சியில் சென்னைப் பட்டணத்துக்குள் திருடினவனுக்கு இங்கிலீஷ் சட்டம். அவனே செங்கற்பட்டுக்கு வந்து திருடினால், ரெகுலேஷன்களால் ஒட்டுப்போட்ட இஸ்லாமியக் குற்றச் சட்டம். முப்பத்தைந்து மைலுக்குள் இரண்டு நீதி! இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1837-ல் நகல் தயாரித்துக் கொடுத்தவர், கல்வி விஷயத்தில் நாம் திட்டித் தீர்க்கும் அதே மெக்காலேதான். 1860-ல் அது இந்திய தண்டனைச் சட்டமாயிற்று. 1862 ஜனவரி முதல் தேதி 511 பிரிவுகளோடு அமலுக்கு வந்தது. இங்கிலாந்தோ தனக்கென்று இப்படி ஒரு புத்தகத்தை இன்றுவரை எழுதிக்கொள்ளவில்லை. 1989-ல் தயாரித்த நகலைக்கூடக் கிடப்பில் போட்டுவிட்டது.

நம் ஜனங்கள் அந்தப் புத்தகத்தை வாய்மொழியாகவே கற்றுக்கொண்டார்கள். "அவன் சரியான நானூற்றிருபது" என்றால், எழுத்தறியாத கிழவிக்கும் விஷயம் விளங்கும். 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் மொத்தமே 358 பிரிவுகள். மோசடி 318 ஆகிவிட்டது. கொலை 103 ஆகிவிட்டது. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல் தடவையாகத் திருடினவன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சிறைக்குப் பதில் சமூக சேவை என்கிறார்கள். நல்ல காரியம், வரவேற்கிறேன். ஆனால் எண்ணை மாற்றியதும், தமிழன் வாயில் நுழையாத பெயரைச் சூட்டியதும் எந்த வகையில் சீர்திருத்தம்?

போகட்டும், எல்லாக் குற்றமும் அதில் அடங்கிவிட்டதா? மாமல்லபுரத்து மீனவர் குப்பத்துக்கு வாருங்கள். மணலில் கடலாமை முட்டையை எடுத்தால் குற்றம். அது 1972-ம் வருஷத்து வன உயிரினச் சட்டத்தில் இருக்கிறது. கடற்கரைக் கோயிலிலிருந்து நூறு மீட்டருக்குள் அனுமதியின்றிப் புதுச் சுவர் எழுப்பினால் இரண்டு வருஷம்வரை சிறை. அது 1958-ம் வருஷத்துப் புராதனச் சின்னச் சட்டத்தில், 2010-ல் சேர்த்த விதி. சாராயம் காய்ச்சினால் 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம். ஆமையும் கோயிலும் காப்பாற்றப்பட வேண்டியவையே. அதில் எனக்குச் சண்டை இல்லை. சன்ஹிதாவை முதலிலிருந்து கடைசிவரை ஒருவன் மனப்பாடம் செய்தாலும் இந்த மூன்றும் அவன் கண்ணில் படாது என்பதுதான் என் வழக்கு.

'சட்டம் தெரியாது' என்ற சாக்கைக் கோர்ட்டு ஏற்பதில்லை. அப்படியானால் தெரிவிக்கும் கடமை யாருடையது? எந்தச் சட்டத்தில் ஒளிந்திருந்தாலும் சரி, சாதாரண மனிதனைச் சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றங்களையெல்லாம் நல்ல தமிழில் ஒரே புத்தகமாகத் திரட்டி, ஒவ்வொரு பஞ்சாயத்து ஆபீசிலும் நூலகத்திலும் சர்க்கார் வைக்கட்டும். பெரிய வேலை என்று சொல்லாதீர்கள். மெக்காலேயின் கமிஷன் இறகுப் பேனாவை வைத்துக்கொண்டே மூன்று வருஷத்துக்குள் நகலை முடித்தது.

அந்தப் புத்தகம் குப்பத்துக்கு வந்து சேரும்வரை ஒரே சட்டம் என்ற பேச்சு வேண்டாம். அதுவரை அது வக்கீல்களின் அலமாரிக்கு மட்டுமே ஒரே சட்டம்.