சட்டம் சொல்லும் அந்த ‘வேறு ஒருவர்’ யார்?

ஊருக்கு ஊர் நெல் திருவிழா நடக்கிறது. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, பூங்கார், காட்டுயானம் என்று மேடையில் கதிர்க்கட்டுகள் தொங்குகின்றன. பாரம்பரிய விதையைக் காத்த விவசாயிக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். அதில் சேரிக்காரரின் தோளுக்கு எத்தனை ஆடை வந்தது? நாற்று நட்ட பெண்ணின் தோளுக்கு எத்தனை?

விதை மீட்பை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. நெல் ஜெயராமன் போன்றோர் அலைந்து திரிந்து நூற்றுக்கும் மேற்பட்ட நெல் இரகங்களை மீட்டதை மதிக்கிறோம். ஆனால் அந்த மீட்பின் வரலாறு நிலம் வைத்திருப்பவரின் பெயரில் மட்டும் எழுதப்படுகிறது. எங்கள் சண்டை அதனோடுதான்.

ஓர் இரகம் எப்படிக் காக்கப்படுகிறது? நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே மணி பிடிக்கும் பயிர். அதனால் இரகம் கெடுவது அதிகமும் கலப்பினால்தான். களத்தில் சிந்திய மணி, போன பட்டத்தின் தப்புப் பயிர், சாக்கு மாறிய விதை எல்லாம் கலப்பைக் கொண்டுவரும். உயரம் மாறியதையும், நிறம் மாறியதையும், முந்திப் பூத்ததையும் கண்டு பிடுங்க வேண்டும். வேளாண் துறை இதைக் கலவன் நீக்குதல் என்கிறது. இதை வயலில் இறங்கிச் செய்தது யார் கை?

களையெடுப்பையும் பாருங்கள். இளம்பருவத்தில் குதிரைவாலிப் புல்லும் நெல்லும் ஒன்றுபோலவே இருக்கும். தாவரவியல் மாணவர்கள் இலை தண்டோடு சேரும் இடத்தைப் பார்த்துப் பிரிப்பார்கள். நெல்லில் நாக்கு போன்ற மெல்லிய சவ்வும், காது போன்ற சிறு மடல்களும் இருக்கும். குதிரைவாலிப் புல்லில் இரண்டும் இராது. கோரையின் தண்டை விரலில் உருட்டினால் முக்கோணம் தட்டுப்படும். சேற்றில் குனிந்து நிற்கும் நம் அம்மாக்கள் எந்தப் புத்தகமும் இல்லாமல் இதைப் பிரித்து எடுக்கிறார்கள். வரும் வழியில் ஆரைக்கீரையையும் பொன்னாங்கண்ணியையும் கரிசலாங்கண்ணியையும் இனம் பார்த்து மடியில் கட்டிக்கொள்கிறார்கள். கல்லூரியில் இந்த அறிவுக்கு வகைப்பாட்டியல் என்று பெயர், பட்டம் உண்டு. வயலில் இதற்குக் களையெடுப்புக் கூலி என்று பெயர். களைக்கொல்லி வந்தபோது அந்தக் கூலியும் போனது, மடியிலிருந்த கீரையும் போனது. இழந்தவர்களை யாரும் கணக்கெடுக்கவில்லை.

இப்போது சட்டத்துக்கு வருவோம். தாவர இரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2001, தன் 2-ஆம் பிரிவில் விவசாயி யார் என்று மூன்று வகையாகச் சொல்கிறது. தானே நிலத்தில் பயிரிடுபவர் முதல் வகை. வேறு ஒருவரைக் கொண்டு பயிரிடச் செய்து நேரடியாக மேற்பார்வை பார்ப்பவர் இரண்டாம் வகை. காட்டு இனங்களையோ பாரம்பரிய இரகங்களையோ தனியாகவோ சேர்ந்தோ பாதுகாப்பவர், தேர்வு செய்து அவற்றின் பயனை அறிந்து மதிப்புக் கூட்டுபவர் மூன்றாம் வகை.

இரண்டாம் வகையைத் திரும்பப் படியுங்கள், தோழர்களே. வரப்பில் குடை பிடித்து நிற்பவர் சட்டப்படி விவசாயி. சேற்றில் நிற்பவர் ‘வேறு ஒருவர்’. அந்த வேறு ஒருவருக்குச் சாதி உண்டு, தெரு உண்டு. கூலியாக அரைப்படி நெல் கூடக் கேட்ட போராட்டத்துக்காக 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்களும் அந்த ‘வேறு ஒருவர்’தான்.

“விதை பண்ணையார் வீட்டுக் குதிரில்தானே இருந்தது? ஆபத்தை ஏற்றவர் அவர்தானே?” என்று கேட்பார்கள். குதிருக்குள் போகுமுன் அதைக் காயவைத்ததும் தூற்றியதும் புடைத்ததும் யார்? இன்னொன்றும் உண்டு. சாதாரணச் சேமிப்பில் நெல் விதை ஓரிரு ஆண்டுகளில் முளைப்புத் திறனை இழந்துவிடும். காக்க வேண்டுமென்றால் திரும்பத் திரும்ப விதைக்க வேண்டும். விதைக்க நிலம் வேண்டும். நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு, “நீ ஏன் விதை காக்கவில்லை?” என்று கேட்பது அநியாயம்.

பிடுங்கிக்கொண்டு என்று நாங்கள் சும்மா சொல்லவில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் தாழ்த்தப்பட்டோருக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்க ஆணை வந்தது. சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும் அதில் பெரும்பகுதி கைமாறிப்போனது. மீட்கக் கேட்டு எழுந்த காரணைப் போராட்டத்தில் 1994 அக்டோபரில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்தார்கள். பஞ்சமி நிலத்தைப் பேசாமல் பாரம்பரிய விதையைப் பேசுகிற இயற்கை வேளாண்மை, பாதி உண்மையைத்தான் பேசுகிறது.

ஆனால் அதே சட்டத்தின் மூன்றாம் வகையில் நிலம் என்ற சொல்லே இல்லை. பாதுகாத்தவர், தேர்ந்தெடுத்தவர் விவசாயி. அது நமக்குத் திறந்திருக்கும் கதவு. 41-ஆம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே போகிறது. பதிவான ஓர் இரகம் உருவானதில் ஒரு கிராமத்துக்கோ உள்ளூர்ச் சமூகத்துக்கோ பங்கிருந்தால், அவர்கள் சார்பில் யாரும் உரிமை கோரலாம். கோருபவர் விவசாயம் செய்பவராக இருக்க வேண்டியதில்லை. கல்லூரி மாணவரும் கோரலாம். ஆனால் கவனம்: நம் நாட்டில் ‘ஊர்’ என்றால் அதில் சேரி சேராது. ஊர் பெயரில் போகும் கோரிக்கையின் பலன் ஊர்ப் பெரியவர்களின் கையோடு நின்றுவிடும். சேரியின் பெயரைத் தனியாக எழுதிக் கேளுங்கள்.

ஆகவே இந்த விடுமுறையில் மூன்று வேலைகள். உங்கள் தெருவில் நட்டு, களையெடுத்து, விதை பார்த்த பெண்களிடம் உட்காருங்கள். எந்த இரகத்தை எப்படி இனம் கண்டார்கள் என்று அவர்கள் சம்மதத்தோடு, அவர்கள் பெயரிலேயே பதியுங்கள். ‘அ’ பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, உங்கள் ஊரின் பஞ்சமி நிலம் இன்று யார் கையில் என்று பாருங்கள். அடுத்த நெல் திருவிழாவில் அந்தப் பெண்களோடு போய் மேடையில் இடம் கேளுங்கள். பொன்னாடை எங்களுக்கு வேண்டாம். பதிவேட்டில் பெயர் வேண்டும், விதைக்க நிலம் வேண்டும்.