பேசாப் படமும் பேசிய பெண்ணும்

1911ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மருதானையிலே டவர் ஹோல் நாடக மண்டபம் திறந்துவைக்கப்பட்டது. கிராண்ட்பாஸிலிருந்து நடந்தே போய்ப் பார்த்துவிடக்கூடிய தூரத்தில் இன்றும் அது நிற்கின்றது. அதற்கு ஒரு மாதம் முன்னர், நவம்பர் 11ஆம் நாள், காவிரிக் கரையிலுள்ள திருவையாற்றிலே ஊர்க் கணக்கர் பஞ்சாபகேச சாஸ்திரியாருக்கும் மீனாட்சி அம்மையாருக்கும் ஒரு பெண் மகவு பிறந்தது. பிற்காலத்தில் டி. பி. ராஜலக்ஷ்மி என்று தமிழுலகம் அறிந்த நடிகை அவரே. இவ்விரண்டையும் நாம் சேர்த்துக் கூறுவது ஆண்டுப் பொருத்தம் மட்டுங் கருதியன்று. பெண் பாத்திரமென்றால் மீசை மழித்த ஆடவர் சேலையுடுத்து வருவதே மரபாயிருந்த நிலை, கடலின் இரு கரைகளிலும் மெல்ல மாறிய காலம் அது. டவர் ஹோல் மேடையில் அனி பொத்தேஜு, லக்ஷ்மி பாய் போன்ற நடிகையர் புகழ்பெற்றதும், தமிழகத்து மேடையில் ராஜலக்ஷ்மி முன்னுக்கு வந்ததும் ஏறக்குறைய ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்தவை.

நம் மாணவர்கள் பொது அறிவுப் போட்டிகளுக்காக இவ்வம்மையாரைப் பற்றி இரண்டு விடைகளை மனனஞ் செய்து வைத்திருக்கின்றனர். முதல் தமிழ்ப் பேசும்படத்தின் கதாநாயகி என்பது ஒன்று. தென்னாட்டின் முதற் பெண் இயக்குநர் என்பது மற்றொன்று. இரண்டும் சரியே. ஆனால் இந்த ‘முதல்’ என்னும் சொல்லிருக்கிறதே, அது பட்டத்தைக் காட்டி ஆளை மறைத்துவிடும் இயல்புடையது. அம்மையார் எதையும் முதலாவதாகச் செய்ய வேண்டுமென்று புறப்பட்டவரல்லர். அடுத்த வேளை அரிசிக்காகவே மேடையேறியவர்.

பத்து வயது நிரம்புமுன்னரே அவருக்கு மணம் முடித்துவைத்தனர். பால்ய விவாகத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929இல் நிறைவேறி 1930இலேதான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அன்று கேட்பாரில்லை. அம்மணவாழ்வு நிலைக்கவில்லை. சிறுமி பிறந்தகம் திரும்பினாள். தந்தையாரும் காலமானார். தாயும் மகளும் பிழைப்புத் தேடித் திருச்சிராப்பள்ளிக்கு வந்தனர். குழந்தைக்கு நல்ல சாரீரம் உண்டு. கேட்ட பாட்டைக் கேட்டவாறே பாடும் ஆற்றலுமுண்டு. வேறு சொத்தில்லை. சாமண்ணாவின் நாடகக் குழுவில் இடம் கிடைத்தது.

சாஸ்திரியார் வீட்டுப் பெண் கூலிக்கு அரிதாரம் பூசுவதென்பது அக்காலத்தில் எத்தகைய காரியம் என்பதை இன்றைய நேயர்கள் எளிதில் உணரமாட்டார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் 1918இல் அமைத்த சபையிற்கூடப் பெண் வேடம் தாங்கியவர்கள் சிறுவர்களே. மேடைக்கு வந்த பெண்களை ஊரார் கைதட்டிப் பாராட்டுவர். ஆனால் மறுநாட் காலையில் தங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார விடமாட்டார்கள். அந்தக் கைதட்டலையும் அந்தத் திண்ணையையும் ஒருங்கே அறிந்து வளர்ந்தவர் ராஜலக்ஷ்மி.

பின்னர் பேசாப் படம் வந்தது. 1913இல் பால்கே ‘ராஜா ஹரிச்சந்திரா’வை எடுத்தபோது தாராமதியாக நடிக்க ஒரு பெண்ணும் முன்வராமையால், சாலுங்கே என்னும் ஆடவரே அவ்வேடத்தைத் தாங்கினார். பதினாறு ஆண்டுகளுக்குப் பின் 1929இல், சென்னையில் ஏ. நாராயணன் ஜெனரல் பிக்சர்ஸ் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கிக் ‘கோவலன்’ கதையைப் படமாக்கினார். அதில் நடிக்க ராஜலக்ஷ்மி துணிந்தார். (இந்த நாராயணனுடைய மனைவியார் மீனாட்சி பிற்காலத்தில் ஒலிப்பதிவுக் கலையைக் கற்று அத்துறையில் பணியாற்றிய முதல் இந்தியப் பெண்மணியானார் என்பதையும் மாணவியர் குறித்துக்கொள்ளலாம்.) தொடர்ந்து ‘உஷா சுந்தரி’, ராஜா சாண்டோ இயக்கிய ‘ராஜேஸ்வரி’ ஆகிய படங்கள்.

நமக்கு ஒன்று விந்தையாகப் படுகிறது. கோவலன் கதையின் உயிர் எங்கே இருக்கிறது? யாழிசையால் விளைந்த பிணக்கிலும், அரசவையில் ஒரு பெண் நீதி கேட்டு முழங்கும் வழக்கிலுமன்றோ! அந்த இசையும் இல்லை, அந்த வழக்குரையும் இல்லை. வாயசைவு மட்டும். கொட்டகையில் ஒருவர் நின்று எழுத்தட்டையைப் படித்துக் கதை சொல்வார். பாட்டினாலேயே பெயரெடுத்த ஒரு நடிகைக்கு இது எத்தகைய சோதனை! ஆயினும், முகத்தாலும் கையாலும் மட்டும் பேசப் பழகிய அந்த ஓரிரண்டு ஆண்டுகள் வீண்போயின என்று நாம் கருதவில்லை.

1931 மார்ச்சில் பம்பாயிலே ‘ஆலம் ஆரா’ வெளிவந்து இந்தியத் திரை பேசத் தொடங்கியது. அதனைத் தயாரித்த அர்தேஷிர் இரானி, எச். எம். ரெட்டியைக் கொண்டு ‘காளிதாஸ்’ படத்தை எடுத்தார். ராஜகுமாரி வேடத்தில் ராஜலக்ஷ்மி தமிழில் பேசினார்; காளிதாசனாக நடித்த பி. ஜி. வெங்கடேசன் தெலுங்கில் பேசினார். பாட்டுக்களோ கதையோடு தொடர்பற்றவை. தியாகராஜ சுவாமிகளின் கீர்த்தனைகள் இருந்தன. மதுரை பாஸ்கரதாஸ் இயற்றிய, காந்தியடிகளின் இராட்டையைப் போற்றும் பாடலும் இருந்தது. காளிதாசன் காலத்தில் காந்தியடிகள் எப்படி வந்தார் என்று எவரும் வினவவில்லை! 1931 அக்டோபர் 31ஆம் நாள் சென்னை கினிமா சென்ட்ரல் கொட்டகையில் படம் வெளியானது. படச் சுருளுக்கு மலர் தூவி, தேங்காய் உடைத்து ஊர்வலமாகக் கொண்டு சென்றனராம். ‘சினிமா ராணி’ என்ற பட்டமும் அம்மையாரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

நாம் பெரிதாக மதிப்பது இதனையன்று. ராணிப் பட்டம் பெற்றவர் அதனோடு அமைதியுற்று ஆண்டுக்கு நான்கு படம் நடித்துச் செல்வம் சேர்த்திருக்கலாம். ‘வள்ளி திருமணம்’ படத்தில் நாரதராக நடித்த டி. வி. சுந்தரத்தை மறுமணம் புரிந்து இல்வாழ்வும் அமைத்துக்கொண்டாயிற்று. அவரோ பேனாவை எடுத்தார். ‘கமலவல்லி’ என்றொரு நாவலை எழுதி, அதனையே 1936இல் ‘மிஸ் கமலா’ என்ற படமாக்கினார். கதை அவருடையது, தயாரிப்பு அவருடையது, இயக்கம் அவருடையது, நடிப்பும் அவருடையதே. வடக்கே பாத்மா பேகம் 1926இல் படம் இயக்கியிருந்தார். அவரும் மேடையிலிருந்து பேசாப் படத்துக்கு வந்தவரே. தெற்கில் ராஜலக்ஷ்மிக்கு முன்னோடி எவருமில்லை. பிறர் எழுதிய வசனத்தைப் பேசியும், வசனமே இல்லாமல் வாயசைத்தும் வந்த ஒரு பெண், தன் சொல்லைத் தானே எழுதிப் பிறரைப் பேசவைத்த நாள் அது. அவ்வேளையில் பிறந்த மகளுக்கும் கமலா என்றே பெயரிட்டார்.

அடுத்து வந்தவற்றில் இலாபத்தைவிட இடரே மிகுதி. ‘இந்தியத் தாய்’ என்ற படம் ஆங்கில அரசின் தணிக்கையில் அகப்பட்டு, பெயர் மாறி, பொருள் நட்டத்தை உண்டாக்கியது. திரையுலகம் புதுமுகங்களைத் தேடிச் சென்றது. 1964இல் அம்மையார் காலமானார்.

இனி அவருடைய ஆற்றலை நாமே பார்த்துத் தீர்மானிப்போம் என்றால் அதற்கு வழியில்லை. ‘கோவலன்’ இல்லை, ‘காளிதாஸ்’ இல்லை, ‘மிஸ் கமலா’வும் இல்லை. அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றுவது. உள்ளிருக்கும் வெள்ளிக்காக உருக்கப்பட்டவையும் பல. தென்னாட்டுப் பேசாப் படங்களில் ‘மார்த்தாண்ட வர்மா’ போன்ற மிகச் சிலவே எஞ்சின. நம் நாட்டின் கதையும் அதுவே. 1925இல் என். எம். பெரேரா கதாநாயகனாக நடித்த ‘ராஜகீய விக்கிரமய’ வெளிநாடுகளில் ஓடிவிட்டு, இங்கே காட்டப்படு முன்னரே தீக்கிரையானது.

எஞ்சியிருப்பவை சில நிழற்படங்களும் பாட்டுப் புத்தகங்களுமே. கொட்டகை வாசலில் சில காசுக்கு விற்ற மெல்லிய புத்தகங்கள் அவை. அட்டையில் நடிகையின் படமும், உள்ளே கதைச் சுருக்கமும், நடிகர் பெயர்களும் இருக்கும். தமிழ்ப் படங்கள் கொழும்பிலும் ஓடியமையால், கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ பாட்டனாரின் தகரப் பெட்டியொன்றில் அத்தகைய புத்தகம் கிடத்தல் கூடும். கண்டெடுப்பவர்கள் அதைக் கடலை வண்டிக்காரருக்குக் கொடுத்துவிடாமல், அருகிலுள்ள நூலகத்தில் ஒருமுறை காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.