ஊசிப் போதையும் கூட்டு மருந்தும்

மருந்தை இலவசமாக வழங்கிவிட்டதோடு சர்க்காரின் கடமை தீர்ந்துவிடுமா? போதை மருந்தை ஊசியால் ஏற்றிக்கொண்டு, அதனால் எச்.ஐ.வி. கிருமிக்கு ஆளானவர்களின் விஷயத்தில் இக்கேள்வியை நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

இந்நோயை எதிர்ப்பதில் தமிழ்நாடு பின்தங்கியதன்று. 1986-ஆம் வருஷம் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலா செல்லப்பனும் செய்த முயற்சியால்தான் இந்தியாவில் இக்கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் தொடங்கியபோது, தாம்பரம் நெஞ்சக நோய் ஆஸ்பத்திரி அதன் முதல் நிலையங்களுள் ஒன்றாயிருந்தது. இன்று டொலுடெகிராவிர் அடங்கிய மாத்திரை தினம் ஒன்று போதும். தவறாது உண்பவனின் இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைகிறது. அந்நிலை நீடிக்கும்வரை உடலுறவால் பிறருக்குத் தொற்றுவதுமில்லை. விட்டுவிட்டு உண்டாலோ, கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடக்கூடும்.

2017-ஆம் வருஷத்துக் கணக்குப்படி, நாட்டில் வயது வந்தோருள் ஆயிரத்துக்குச் சுமார் இருவரே இக்கிருமி உடையவர்கள். ஊசிப் போதைக்கு ஆட்பட்டோருள் நூற்றுக்கு ஆறு பேர். "இவர்கள் மருந்தை ஒழுங்காக உண்ணமாட்டார்கள், கொடுப்பது வீண்" என்று கூறுவோர் உண்டு. இக்கூற்றை நாம் அடியோடு மறுக்கிறோம். போதை இறங்கியதும் நடுக்கமும் வாந்தியும் மேல்வலியும் ஒருவனை வாட்டும்போது, அவற்றைத் தணிக்கும் வழியன்றி வேறெதை அவன் நினைப்பான்? அந்த ஏக்கத்தைத் தீர்க்காமல் மாத்திரை மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும். புப்ரெநார்பின், மெதடோன் என்னும் மாற்று மருந்துகள் அவ்வேக்கத்தை அடக்குகின்றன. உலக சுகாதார ஸ்தாபனம் இவற்றை 2005-இலேயே இன்றியமையாத மருந்துகளின் ஜாபிதாவில் சேர்த்தது. இவற்றைப் பெறுவோர் கூட்டு மருந்தையும் முன்னிலும் ஒழுங்காக உண்கிறார்கள் என்பது பல நாட்டு ஆராய்ச்சிகளால் விளங்கியிருக்கிறது. ஆகவே, குறை மனிதனிடத்தில் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது.

கடலூர் ஜில்லா மங்களூர் வட்டாரத்துக் கூலித் தொழிலாளி ஒருவன் இந்நிலைக்கு ஆளானால் என்ன ஆகும்? பரிசோதனைக்கு ஓரிடம், கூட்டு மருந்துக்கு ஓரிடம், மாற்று மருந்துக்கு மற்றோரிடம் என்று அவன் அலைந்தால் அன்றைய கூலி போகும். மாற்று மருந்தோ பெரும்பாலும் தினந்தோறும் நேரில் சென்று பெற வேண்டியது. எத்தனை நாள் அவன் போவான்?

சட்டமும் இரு முகம் காட்டுகிறது. 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டம் உபயோகித்தவனையே சிறைக்கு அனுப்ப இடமளிக்கிறது. 2017-ஆம் வருஷத்து எச்.ஐ.வி. சட்டமோ, தூய ஊசி வழங்குவது குற்றமாகாது என்கிறது. ஆனால் இதே சட்டம் சிகிச்சையை "இயன்ற வரை" அளித்தால் போதும் என்றும் விதிக்கிறது. பசித்தவனுக்கு இயன்ற வரை சோறு என்பதற்கும் இதற்கும் வேறுபாடென்ன?

நாம் கோருவன மூன்று. கூட்டு மருந்தும் மாற்று மருந்தும் ஒரே வாயிலில், கிராமங்களுக்கு எட்டும் இடங்களில் கிடைக்க வேண்டும். சிகிச்சைக்கு வருவோரைப் போலீஸார் தொடக்கூடாது. "இயன்ற வரை" என்னும் சொற்கள் சட்டத்திலிருந்து நீங்க வேண்டும். பொது ஊழியர்கள் இக்கோரிக்கைகளைச் சட்டசபை அங்கத்தினர்களிடம் எடுத்துச் சொல்லி வற்புறுத்துவார்களென நம்புகிறோம். வீதியோரத்தில் விழுந்து கிடப்பவனும் இந்நாட்டின் பிரஜையே.