நாற்றங்காலில் நிற்கும் பிள்ளைகள்

அமெரிக்க நாட்டின் பிட்ஸ்பர்க் நகரம் இரும்பாலைகளால் பெயர் பெற்றது. நம் ஊர்களில் கிரிக்கெட் எப்படியோ, அந்நகரில் பேஸ்பால் அப்படி. நகரத்தின் குழுவுக்குப் 'பைரட்ஸ்', அதாவது கடற்கொள்ளையர் என்று பெயர். 1890-களின் தொடக்கத்தில் வேறொரு குழுவின் ஆட்டக்காரரைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்கள் என்று பிறர் ஏசிய சொல்லையே அவர்கள் பெயராகச் சூட்டிக்கொண்டனர். பெயரில் உள்ள வீரம் ஆட்டத்தில் இல்லை. 1979-இல் உலகத் தொடரை வென்ற பின், 2025 முடிய அப்பேறு மீண்டும் கிட்டவில்லை. 1993 முதல் 2012 வரை தொடர்ந்து 20 ஆண்டுகள், வென்ற ஆட்டங்களைக் காட்டிலும் தோற்ற ஆட்டங்களே மிகுதி.

இத்தகைய குழுவின் அன்பர்கள் என்ன செய்வார்கள்? இன்றைய ஆட்டத்தைக் கண்டு பெருமூச்சு விட்டபின், நாளைய ஆட்டக்காரர்களைத் தேடிச் செல்கிறார்கள். பிராடென்டன், கிரீன்ஸ்பரோ, அல்டூனா, இண்டியானபோலிஸ் என்ற நான்கு ஊர்களில் பைரட்ஸின் இளைஞர் குழுக்கள் படிப்படியாக அமைந்துள்ளன. நேற்று எந்தப் பையன் எப்படி ஆடினான், எவன் அடுத்த படிக்கு ஏறினான் என்று நாள்தோறும் கணக்குப் பார்ப்போர் பிட்ஸ்பர்க்கில் ஏராளம். ஜூலை மாதம் நெருங்கினால், புதிதாக யாரை எடுக்கப் போகிறார்கள் என்பதே பேச்சு. நம் வாசகருள் பலர் இந்த ஆட்டத்தைப் பார்த்தே இருக்கமாட்டார்கள். ஆயினும் பதினெட்டு வயதுப் பிள்ளை உள்ள வீட்டாருக்கு இதில் கேட்கத்தக்க செய்தி உண்டு.

இவ்விளைஞர் குழுக்களின் அமைப்பை அவர்கள் 'பண்ணை' என்றே அழைக்கின்றனர். நாற்றங்காலில் விதைத்து, வளர்ந்ததைப் பிடுங்கி வயலில் நடுவது போன்ற முறை. 1920-களில் செயின்ட் லூயிஸ் குழுவுக்காக இதனை முறைப்படுத்தியவர் பிராஞ்ச் ரிக்கி. பெரிய குழுக்களோடு போட்டியிட்டு ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கப் பணம் இல்லாமையால், தாமே வளர்த்துக்கொள்வோம் என்று துணிந்தார். அதே ரிக்கி 1950-இல் பிட்ஸ்பர்க் குழுவின் பொறுப்பை ஏற்றார்.

ஆனால் நல்ல நாற்றை நடாமல் நாற்றங்காலிலேயே ஒளித்து வைக்கவும் கூடும் அல்லவா? அதற்கும் ஒரு விதி செய்தார்கள். கீழ்நிலையில் காக்க வைக்கப்பட்ட ஆட்டக்காரரைக் குறிப்பிட்ட தொகை செலுத்திப் பிற குழு எடுத்துக்கொள்ளலாம். 1954-இல் புரூக்ளின் குழு, போர்ட்டோ ரிக்கோத் தீவைச் சேர்ந்த ரோபெர்ட்டோ கிளெமென்டே என்ற இளைஞரை 10,000 டாலர் கொடுத்துச் சேர்த்து, மான்ட்ரியாலில் பெரும்பாலும் ஆடவிடாமல் வைத்திருந்தது. வேறொரு பந்தெறியாளரைப் பார்த்துவரச் சென்ற ரிக்கியின் ஆள், ஆட்டத்துக்கு முன் இவர் பந்தை எறிந்து பழகுவதைக் கண்டு வியந்தார். அவ்வாண்டு நவம்பரில் 4,000 டாலருக்கு அவர் பிட்ஸ்பர்க் வந்து சேர்ந்தார். 18 ஆண்டுகள் ஆடினார். 3,000 'ஹிட்' என்னும் அரிய எண்ணிக்கையைத் தொட்டார். 1972 டிசம்பர் 31 அன்று, நிக்கராகுவாவில் நிலநடுக்கத்தால் துன்புற்றோருக்கு உதவிப் பொருள்கள் ஏற்றிச் சென்ற விமானம் கடலில் விழ, அதில் உயிர் நீத்தார். அவர் உடல் கிடைக்கவே இல்லை. பிட்ஸ்பர்க் மக்கள் அவர் பெயரை இன்றும் தங்கள் வீட்டுப் பிள்ளையின் பெயர் போலவே சொல்லுகின்றனர்.

புதிய பிள்ளைகளைச் சேர்க்கும் தேர்வை 'டிராஃப்ட்' என்பர். பணக்காரக் குழுக்கள் பள்ளிப் பையன்களுக்கு ஏலம் கூறத் தொடங்கியதால் 1965-இல் இம்முறை வந்தது. முந்தைய ஆண்டில் மிகவும் தோற்ற குழுவுக்கே முதலில் பெயர் சொல்லும் உரிமை இருந்தது. வேண்டுமென்றே தோற்பவரைத் தடுக்க, இப்போது முதல் சில இடங்களுக்குச் சீட்டுக் குலுக்குகிறார்கள். 2023-ஆம் ஆண்டுத் தேர்வுக்காக நடந்த முதற் குலுக்கலில் வென்றது பைரட்ஸ். அவர்கள் எடுத்த பால் ஸ்கீன்ஸ் என்ற பந்தெறியாளர், ஓராண்டு நிறையுமுன்பே, 2024 மே மாதத்தில், மேல்நிலையில் ஆடினார். 2025-இல் தம் லீக்கின் தலைசிறந்த பந்தெறியாளருக்கான விருதையும் பெற்றார்.

எல்லா விதையும் இவ்வாறு முளைப்பதில்லை. இதே குழு 2002-இல் முதற்பெயராக எடுத்த பிரயன் புல்லிங்டன், மேல்நிலையில் பந்தெறிந்து வென்றது ஒரே ஓர் ஆட்டம். அதுவும் வேறு குழுவுக்காக. பின்பு அவர் ஜப்பான் சென்று பல ஆண்டுகள் நன்றாகவே ஆடினார் என்பதைப் பிட்ஸ்பர்க் அன்பர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. கணக்கைப் பார்த்தாலே உண்மை விளங்கும். மேல்நிலைக் குழுக்கள் 30. குழுவுக்கு 26 பேர். ஆக 780 இடங்கள். ஆண்டுதோறும் 20 சுற்றுகளில் ஏறக்குறைய 600 பேரின் பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. இத்தேர்வுக்கு உட்படாமல் டொமினிக்கன் குடியரசிலிருந்தும் வெனிசுவேலாவிலிருந்தும் பதினாறு வயதிலேயே சேர்க்கப்படுவோர் வேறு. மூத்தவர்களோ எளிதில் இடம் விடுவதில்லை. மிகுந்த பிள்ளைகள் எங்கே போவார்கள்?

இக்கேள்வி முதலில் எழும் இடம் வீடுதான். பள்ளியிறுதி முடித்த பையனின் பெயர் வாசிக்கப்பட்டால், அவன் ஒப்பந்தம் செய்து பணத்தைப் பெறலாம். அன்றிப் படிக்கச் செல்லலாம். நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்துவிட்டால், மூன்று ஆண்டுப் படிப்போ 21 வயதோ நிறையும்வரை பொதுவாக மீண்டும் எடுக்கமாட்டார்கள்.

2011-இல் பைரட்ஸ் எடுத்த முதல் இருவரும் இவ்விரு வழிகளுக்கும் சான்று. ஜெரிட் கோலை, அவர் பள்ளி முடித்த 2008-இலேயே நியூயார்க் யாங்கீஸ் குழு எடுத்தது. அவர் மறுத்துவிட்டு லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பல்கலைக்கழகம் சேர்ந்தார். மூன்றாண்டு கழித்துப் பைரட்ஸ் அவரை நாட்டிலேயே முதற்பெயராக எடுத்து 80 லட்சம் டாலர் கொடுத்தது. 2019-இல், அவர் முன்பு மறுத்த அதே யாங்கீஸ் குழு 32 கோடியே 40 லட்சம் டாலருக்கு அவரை ஒப்பந்தம் செய்தது!

இரண்டாமவர் ஜாஷ் பெல். டெக்சாஸ் மாநிலத்துப் பையன். தாயார் பல்கலைக்கழகப் பேராசிரியை. கல்லூரிக்குச் செல்ல உறுதி கொண்டுள்ளேன், என்னை எடுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே கடிதம் எழுதிவிட்டார். ஆதலால் மற்ற குழுக்கள் ஒதுங்க, பைரட்ஸ் இரண்டாம் சுற்றில் அவரை எடுத்து 50 லட்சம் டாலர் தர முன்வந்தது. இரண்டாம் சுற்றில் அதுவரை யாருக்கும் தராத தொகை. வீட்டில் என்ன பேசினார்கள் என்பதை நாம் அறியோம், பையன் கையெழுத்திட்டான். அடுத்த ஆண்டே முழங்காலில் அடிபட்டு 15 ஆட்டங்களோடு உட்கார்ந்துவிட்டான். அந்நாள்களில் அத்தாய் எத்தனை முறை அக்கடிதத்தை நினைத்திருப்பாரோ! பெல் 2016-இல்தான் மேல்நிலையை எட்டினார். 2019-இல் சிறந்தோர் அணியில் இடம் பெற்றார்.

இருவருக்கும் நன்றாக முடிந்தமையால் இன்று நாம் எளிதாகப் பேசலாம். 1991-இல் யாங்கீஸ் குழு முதற்பெயராக எடுத்த பிரயன் டெய்லருக்காக அவர் தாயார் விடாப்பிடியாக வாதாடி 15 லட்சத்து 50 ஆயிரம் டாலர் பெற்றுத் தந்தார். 1993 டிசம்பரில், தம் உடன்பிறந்தானுக்காகச் சண்டைக்குச் சென்ற இடத்தில் டெய்லரின் எறியும் தோள் சிதைந்தது. மேல்நிலையில் அவர் ஒரு பந்துகூட எறியவில்லை. கையெழுத்திடும் நாளில் எந்தத் தாய்க்கு இவையெல்லாம் தெரியும்? பிற்பாடு படிப்பதற்கான செலவைக் குழுவே ஏற்கும் என்ற வாசகத்தை ஒப்பந்தத்தில் கேட்டு வாங்கும் பெற்றோர் உண்டு. அவர்களையே நாம் விவரமறிந்தோர் என்போம்.

இலட்சங்கள் பெறுவோர் முதற்சுற்றுகளில் வருவோரே. ஏனையோர் நெடுங்காலம் வறுமையில் ஆடினர். மேல்நிலைக்கு அடுத்த படியிலேயே ஆண்டு ஊதியத்தின் கீழ்வரம்பு 17,500 டாலராக இருந்தது. வாடகை கொடுக்க இயலாமல் பலர் ஒரே வீட்டில் தரையில் படுத்துறங்கினர். 2022 முதல் குழுக்களே தங்குமிடம் தருகின்றன. அவ்வாண்டு இளைஞர்கள் ஆட்டக்காரர் சங்கத்தில் இணைந்தனர். 2023-இல் அந்த ஊதியம் 35,800 டாலராயிற்று. இவ்வளவு எளிய நியாயம் கிடைக்க ஒரு நூற்றாண்டு ஆனது என்பதை ஆட்டத்தின் அன்பர்களும் எண்ணிப் பார்க்கலாம்.

பிட்ஸ்பர்க் பண்ணையில் நம் நாட்டுப் பிள்ளைகள் இருவரும் இருந்தனர். உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் ஆகிய இருவரும் ஈட்டி எறிந்து பழகியவர்கள். பேஸ்பால் பந்தையே தொட்டறியாத அவர்கள், இந்தியாவில் நடந்த ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் தேறி அமெரிக்கா சென்று, 2008 நவம்பரில் பைரட்ஸுடன் ஒப்பந்தம் செய்தனர். 2009 ஜூலையில் ரிங்கு, அந்நாட்டுத் தொழில்முறை ஆட்டமொன்றில் வென்ற பந்தெறியாளர் ஆனார். இந்தியர் எவரும் அதற்குமுன் அதனைச் செய்ததில்லை. இக்கதையை 2014-இல் திரைப்படமாக எடுத்தனர். இசையமைத்தவர் நம் ஏ. ஆர். ரஹ்மான். படத்தின் கதை ஒப்பந்தத்தோடு முடிந்துவிடுகிறது. தினேஷை 2010 இறுதியில் குழு விடுவித்தது. அவர் இந்தியா திரும்பினார். ரிங்கு மேலும் சில ஆண்டுகள் கீழ்நிலைகளில் இருந்து, காயங்களால் ஆட இயலாமற் போகவே, மல்யுத்தக் காட்சிகளுக்குச் சென்றுவிட்டார்.